பி.எட். டீச்சிங் பிராக்டிஸுக்கு ஸ்கூல் போறதுக்கு முன்னாடி அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க ஸ்கூலுக்கு வருஷா வருஷம் பி.எட். படிக்கிறவங்க இன்டர்ன்ஷிப்புக்கு வர்றாங்க, அறிவியலுக்கு வர்றவங்களுக்கு நான்தான் கைடு டீச்சர், ஒவ்வொரு பேட்ச்சும் வந்த உடனே கேக்குறது பெரும்பாலும் இதே கேள்விங்கதான். அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிக்குப் போறவங்களை மனசுல வெச்சு எழுதுறேன், உதாரணம் எல்லாம் அறிவியல்லேருந்துதான் வரும், உங்க சப்ஜெக்டுக்கு மாத்திக்கோங்க. படிக்கும்போது ஒண்ணு உங்களுக்கே தெரியும், எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் நான் சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வருவேன்: ஸ்கூல்ல இருக்குற நேரத்தைப் பசங்களுக்குக் குடுங்க, காலேஜ்ல காட்டுறதுக்கு எழுதுற ரெக்கார்டு நோட்டுக்குக் குடுத்துடாதீங்க.

மொத்தம் எத்தனை வாரம் ஸ்கூலுக்குப் போகணும்?

பி.எட். ரெண்டு வருஷ கோர்ஸா மாறினது என்.சி.டி.இ.யோட, அதாவது தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலோட 2014 விதிமுறைப்படி. அதுல மொத்தம் 20 வாரம் ஸ்கூல் அனுபவம்னு சொல்லியிருக்கு, முதல் வருஷம் 4 வாரம், ரெண்டாவது வருஷம் 16 வாரம். முதல் வருஷத்து 4 வாரம் முக்கியமா பாக்குறதுக்கு, பழகுறதுக்கு. ரெண்டாவது வருஷம்தான் முழுசா கிளாஸ் எடுக்கணும், அதுவும் ரெண்டு லெவல்ல, அதாவது 6லேருந்து 8 வரைக்கும் ஒண்ணு, 9, 10 இல்லன்னா மேல்நிலை ஒண்ணு. எந்த செமஸ்டர்ல எத்தனை நாள்னு உங்க காலேஜ் சொல்றதைக் கேட்டுக்கோங்க. இன்னொண்ணு நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல, மத்த பேப்பருக்கு எல்லாம் 80 சதவீதம் அட்டென்டன்ஸ் போதும், ஆனா இன்டர்ன்ஷிப்புக்கு 90 சதவீதம் வேணும். வீட்ல கல்யாணம், கோயில் திருவிழா, பேங்க் எக்ஸாம்னு நாலஞ்சு நாள் போட்டா கணக்கு இடிச்சிடும், அதனால லீவை ஆரம்பத்துலயே யோசிச்சு வைங்க.

ஸ்கூலை நாமளே தேர்ந்தெடுக்கலாமா?

காலேஜ்தான் முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கி, ஸ்கூலுக்கு லெட்டர் குடுக்கும். சில காலேஜ்ல உங்க ஊர்ப் பக்கம் எந்த ஸ்கூல் வேணும்னு கேப்பாங்க, அப்ப கேட்டா வீட்டுக்குப் பக்கத்துல இருக்கறதை மட்டும் பாக்காதீங்க. உங்க சப்ஜெக்டுக்கு அங்க ரெகுலர் டீச்சர் இருக்காங்களான்னு விசாரிங்க. போஸ்டிங் காலியா இருக்குற ஸ்கூல்னா முதல் நாளே உங்களை அந்த டீச்சர் இடத்துல நிக்க வெச்சிடுவாங்க, கத்துக் குடுக்க ஆள் இருக்காது. பஸ் விஷயமும் பாருங்க. லேடீஸ்னா சாதாரண டவுன் பஸ்ல 2021லேருந்து டிக்கெட் இல்ல, அது பெரிய உதவி, ஆனா ஜென்ட்ஸுக்கு 16 வாரம் ரெண்டு பஸ் மாறிப் போனா கையைக் கடிக்கும், உங்களுக்குத் தெரிஞ்ச ஸ்கூல்ல இடம் இருந்தா காலேஜ்ல முன்னாடியே சொல்லி வைங்க.

இன்னும் ஒரு மாசம் இருக்கு, என்ன தயார் பண்றது?

முதல்ல புக்கை எடுங்க. நம்ம பசங்க வெச்சிருக்கற அதே பாடப்புத்தகம், 6லேருந்து 10 வரைக்கும், பாடநூல் கழகத்து வெப்சைட்ல தமிழ் மீடியம் இங்கிலீஷ் மீடியம் ரெண்டுமே பி.டி.எஃப்.பா ஃப்ரீயா கிடைக்குது. எம்.எஸ்சி. முடிச்சிட்டு வர்றவங்க "எட்டாங் கிளாஸ் புக்குதானே"ன்னு நினைக்கிறாங்க. ஆனா அந்த எட்டாங் கிளாஸ் புக்ல எந்த வார்த்தைல சொல்லியிருக்கு, எந்த ஆக்டிவிட்டி குடுத்திருக்கு, போன வருஷம் ஏழாவதுல இதைப்பத்தி என்ன படிச்சாங்க, அடுத்த வருஷம் ஒன்பதாவதுல எங்க போய் நிக்கும், இதெல்லாம் தெரியாம உள்ள போனா நீங்க ஒரு பாஷை பேசுவீங்க, பசங்க ஒரு பாஷைல கேப்பாங்க.

இங்கிலீஷ் மீடியத்துல படிச்சிட்டு தமிழ் மீடியம் கிளாஸுக்குப் போறவங்களுக்கு இது இன்னும் அவசரம். வெலாசிட்டின்னு உங்க வாய்ல வரும், பசங்க புக்ல திசைவேகம்னு இருக்கும், ஆக்ஸிலரேஷன் முடுக்கம், மொமெண்டம் உந்தம், பிரஷர் அழுத்தம். ஒரு சின்ன நோட்டுல யூனிட் வாரியா கலைச்சொல் எழுதி வாய்விட்டு சொல்லிப் பழகுங்க. கண்ணுல பாத்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும், கிளாஸ்ல நிக்கும்போது நாக்குல வராது.

அப்புறம் புக்ல இருக்குற க்யூஆர் கோடு எல்லாம் ஸ்கேன் பண்ணி எந்த வீடியோ உருப்படியா இருக்கு, எது ஓப்பன் ஆகலன்னு இப்பவே பாத்து வைங்க. கிளாஸ்ல போய் ஸ்கேன் பண்ணிட்டு சுத்துற வட்டத்தைப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டாம்.

அப்சர்வேஷன்னு முதல் வாரம் பின்னாடி பெஞ்சுல உக்கார வைக்கிறாங்க, போர் அடிக்குது. என்னதான் பாக்கணும்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது, ஏன்னா இந்த ஒரு வாரத்தை ஒழுங்கா பாத்தவங்க மீதி 15 வாரத்தையும் நல்லா ஓட்டிடுறாங்க. அப்சர்வேஷன் ரெக்கார்டுல "ஆசிரியர் பாடத்தை நன்கு விளக்கினார், மாணவர்கள் ஆர்வமுடன் கவனித்தனர்"னு எழுதி கையெழுத்து வாங்குறாங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காக 40 நிமிஷம் உக்கார வேண்டியதே இல்ல.

டீச்சரைப் பாக்குறதோட பசங்களையும் பாருங்க, பின்னாடி பெஞ்சுல உக்கார்ற ஆளுக்குத்தான் அந்த வசதி இருக்கு, முன்னாடி நிக்கிற எங்களுக்குக் கிடையாது. கேள்வி கேட்டா யார் யார் கை தூக்குறாங்க, யார் பக்கத்து நோட்டைப் பாத்து எழுதுறாங்க, யாருக்கு போர்டு தெரியல கண்ணை சுருக்குறாங்க, யார் கோரஸ்ல வாயை மட்டும் அசைக்கிறாங்க. மதியத்துக்கு மேல எந்தப் பக்கம் வெயில் அடிக்குது, ஃபேன் எத்தனை ஓடுது, வெளில சத்தம் எப்ப வருது. சாப்பாட்டு பெல்லுக்கு முந்தின பீரியட்ல கவனம் எத்தனாவது நிமிஷத்துல கழண்டுக்குது.

அப்புறம் உக்கார்ற மாதிரியே ஒரு படம் போட்டு, பெஞ்ச் பெஞ்சா பேர் எழுதி வாங்கிக்கோங்க. நீங்க முதல் நாள் கிளாஸ் எடுக்கும்போது "ஏய் நீ, ப்ளூ பேனா"ன்னு கூப்பிடாம பேர் சொல்லி கூப்பிட்டா அந்தக் கிளாஸே வேற மாதிரி இருக்கும். "மிஸ்ஸுக்கு எம் பேரு தெரியும்டா"ன்னு வெளில போய் சொல்லுவாங்க, நான் கேட்டிருக்கேன்.

பிரேயர்லயும் போய் நில்லுங்க. தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பர்லேருந்து மாநிலப் பாடல், 55 செகண்ட்ல முடியும், எல்லாரும் நின்னு பாடணும், டீச்சரே வாயைத் திறக்காம நின்னா பசங்க கவனிப்பாங்க. திருக்குறள், செய்தி வாசிப்பு, உறுதிமொழி எல்லாம் எந்த வரிசைல போகுதுன்னு பாத்துக்கோங்க, ரெண்டாவது வாரம் உங்க கையில குடுத்துடுவாங்க.

லெசன் பிளான் எழுதுறது எப்படி? சீனியர் ரெக்கார்டைப் பாத்து எழுதினா போதாதா?

சீனியர் ரெக்கார்டைப் பாத்து எழுதினா மார்க் வந்துடும், கிளாஸ் வராது. ஃபார்மட் உங்க காலேஜ்ல குடுக்குறதுதான், அதுல நான் கை வைக்க மாட்டேன், அஞ்சு படிநிலையா இருக்கலாம், வேற மாடலா இருக்கலாம். ஆனா அந்தக் கட்டங்களை நிரப்புறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் தாள்ல மூணு விஷயம் எழுதுங்க: இந்த பீரியட் முடிஞ்சு வெளில போற பையனுக்கு என்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும், அவன் எங்க தடுமாறுவான், அவனுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு நான் எதை வெச்சு கண்டுபிடிப்பேன்.

எட்டாவதுல விசையும் அழுத்தமும் யூனிட்டை எடுத்துக்கோங்க. அழுத்தம்னா உந்துவிசையைப் பரப்பால வகுக்கணும், அலகு பாஸ்கல். இதை அப்படியே போர்டுல எழுதினா 5 நிமிஷத்துல முடிஞ்சிடும், பசங்களும் எழுதிக்குவாங்க, மறுநாள் கேட்டா சொல்லவும் செய்வாங்க, ஆனா விசையும் அழுத்தமும் ஒண்ணுதான்னு நினைச்சுக்கிட்டே இருப்பாங்க. தடுமாற்றம் அங்கதான். அதனால ஆரம்பத்துல ஒரு பக்கம் சீவின பென்சிலை ரெண்டு கைவிரலுக்கு நடுவுல மெதுவா பிடிச்சு அமுக்கச் சொல்லுங்க, ஒரு விரல்ல கூர் முனை, இன்னொண்ணுல மொட்டை முனை. ரெண்டு பக்கமும் விசை ஒண்ணுதான், ஆனா ஒரு பக்கம்தான் குத்துது. ஏன்? இந்த ஏன் கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. "கூரா இருக்கு மிஸ்"னு வரும், "கூரா இருந்தா என்ன?"ன்னு திருப்பிக் கேளுங்க, யாராவது ஒருத்தர் "கொஞ்ச இடத்துல படுது"ன்னு சொல்லுவாங்க, பரப்புங்கற வார்த்தை அங்கதான் வரணும், அதுக்கு முன்னாடி வேண்டாம்.

அப்புறம் கணக்கு. 100 நியூட்டன் விசை 0.02 சதுர மீட்டர்ல பட்டா 5,000 பாஸ்கல், அதே விசை 0.002 சதுர மீட்டர்ல பட்டா 50,000 பாஸ்கல். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போர்டுல போடுங்க. கடைசில புக் பையோட வாரை ஏன் அகலமா தைக்கிறாங்கன்னு நோட்டுல ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க, வாயால சொல்ல வேண்டாம், எழுதணும். அந்த ரெண்டு வரியை வாங்கிப் பாத்தா யாருக்குப் புரிஞ்சுது யாருக்குப் புரியலன்னு உங்களுக்கே தெரியும். இவ்வளவும் முடிஞ்சப்புறம் லெசன் பிளான் கட்டத்துல எழுதுங்க, நோக்கம், செயல்பாடு, மதிப்பீடு எல்லாம் தானா வந்து உக்காரும்.

பீரியட் 40 நிமிஷமோ 45 நிமிஷமோ, பிளான்ல 30 நிமிஷத்துக்கு மேல போடாதீங்க. முந்தின டீச்சர் வெளில வர்றதுக்கு, அட்டென்டன்ஸுக்கு, சர்க்குலர் வர்றதுக்கு, "மிஸ் பேனா இல்ல"க்கு மீதி போயிடும்.

காலேஜ்ல மைக்ரோ டீச்சிங் பண்ணினோமே, அது நிஜ கிளாஸுக்கு உதவுமா?

உதவும், ஆனா அதோட அளவு தெரிஞ்சிருக்கணும். 1960கள்ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச முறை அது, நம்ம ஊர்ல 6 நிமிஷம் பாடம், 6 நிமிஷம் கருத்து, 12 நிமிஷம் திருத்தம், திரும்ப 6, 6னு 36 நிமிஷ சுற்றா பண்றோம். ஒரு நேரத்துல ஒரே ஒரு திறமையைப் பழகுறதுக்குத்தான் அது. ஃப்ரெண்ட்ஸ் பசங்களா நடிச்சு தலையாட்டுவாங்க, நிஜப் பசங்க ஆட்ட மாட்டாங்க. கேள்வி கேக்குற திறமையை மட்டும் நல்லாப் பழகிட்டுப் போங்க, மத்ததெல்லாம் ஸ்கூல்ல வந்துடும். கேள்வி கேட்டப்புறம் காத்திருக்கறதுதான் அதுல கஷ்டம். மேரி பட் ரோங்கற அமெரிக்க ஆய்வாளர் 1970கள்லயே கிளாஸ் ரெக்கார்டிங் எல்லாம் கேட்டுப் பாத்துட்டு சொன்னது, டீச்சர்ங்க கேள்வி கேட்டு ஒரு செகண்ட் கூட ஒழுங்கா காத்திருக்கறதில்ல, அதையே 3 செகண்டா ஆக்கினா பசங்க பதில் நீளமா வருது, பதில் சொல்ற பசங்க எண்ணிக்கையும் கூடுது. மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுங்க, முதல் நாள் அந்த மூணு செகண்ட் ரொம்ப நீளமா தெரியும், பரவால்ல.

"புரிஞ்சுதா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. "புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்"னு ராகமா ஒரு பதில் வரும், அதுல ஒரு தகவலும் கிடையாது.

எனக்கு போர்டுல நேரா எழுத வராது. இப்ப போய் பழக முடியுமா?

முடியும். சாயங்காலம் காலேஜ்ல காலி கிளாஸ்ல ஒரு வாரம் எழுதிப் பாருங்க. முழு சாக்பீஸை ரெண்டா உடைச்சிட்டு எழுதினா கிரீச்சுன்னு சத்தம் வராது. இடது பக்கம் மேலேருந்து ஆரம்பிங்க, போர்டோட கீழ்ப்பகுதில எழுதாதீங்க, கடைசி பெஞ்சுக்கு முன்னாடி தலைங்கதான் தெரியும். எழுதும்போது போர்டைப் பாத்துப் பேசாதீங்க, எழுதுங்க, திரும்புங்க, அப்புறம் பேசுங்க. எழுத்து கடைசி பெஞ்சுல தெரியுதான்னு நீங்களே போய் உக்காந்து பாருங்க. அவ்வளவுதான், அழகான கையெழுத்து எல்லாம் அவசியம் இல்ல, படிக்க முடியணும்.

டிரெய்னிங் டீச்சர்னு பசங்க மதிக்கவே மாட்டேங்கிறாங்க. ஒரே சத்தம். என்ன பண்றது?

பசங்களுக்கு நீங்க கொஞ்ச நாள்ல போயிடுவீங்கன்னு தெரியும், எந்த அளவுக்கு விடுவீங்கன்னு பாப்பாங்க. முதல் நாள் ஃப்ரெண்ட்லியா இருக்கணும்னு கதை, பாட்டு, கேம்னு ஆரம்பிச்சிட்டு ரெண்டாவது வாரம் கத்துறவங்களைத்தான் அதிகமா பாத்திருக்கேன். முதல் நாளே ரெண்டே ரெண்டு விதி சொல்லுங்க, ஒருத்தர் பேசும்போது மத்தவங்க கேக்கணும், நோட்டு எழுதணும். சொன்னதை தினமும் அதே மாதிரி கடைப்பிடிங்க, ஒரு நாள் விட்டுட்டு ஒரு நாள் பிடிக்கிறதுதான் பசங்களுக்குக் குழப்பம்.

சத்தத்துக்கு மேல சத்தம் போடாதீங்க. நிறுத்திட்டு சும்மா நில்லுங்க, பேசுற பையன் பக்கத்துல நடந்து போய் நின்னுக்கிட்டே பாடத்தைத் தொடருங்க, பெரும்பாலும் போதும். எல்லாரும் இருக்கும்போது ஒருத்தனை அவமானப்படுத்துறது மாதிரி எதுவும் சொல்லாதீங்க, அதுவும் பொண்ணுங்க பசங்க கலந்து இருக்குற ஒன்பதாவதுல. கிளாஸ் முடிஞ்சு வராண்டால தனியா கூப்பிட்டு "என்னப்பா இன்னைக்கு?"ன்னு கேளுங்க. காலைல சாப்பிடாம வந்திருப்பான், வீட்ல சண்டையா இருக்கும், இல்ல நெஜமாவே பாடம் புரியாம இருக்கும். காலை உணவுத் திட்டம் 2022ல வந்தது தொடக்கப் பள்ளிப் பசங்களுக்குத்தான், ஒன்பதாவது படிக்கிறவன் வெறும் வயித்தோட உக்காந்திருக்கறது உங்களுக்கு வெளில தெரியாது.

இன்னொண்ணு, சத்தம்னு நீங்க நினைக்கிறதுல பாதி வேலை இல்லாததுனால வர்றது. நீங்க போர்டுல பத்து வரி எழுதுற வரைக்கும் 40 பேர் கையில வேலை என்ன இருக்கு? அதை யோசிச்சு வெச்சுக்கிட்டுப் போங்க.

ஒரு அடி போட்டாதான் அடங்குவாங்கன்னு ஸ்டாஃப் ரூம்லயே சொல்றாங்களே?

கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, உடல் தண்டனையும் மன ரீதியான துன்புறுத்தலும் ரெண்டுமே தடை. முட்டி போட வைக்கிறது, வெயில்ல நிக்க வைக்கிறது, சாதி பேர், அப்பா தொழில் சொல்லித் திட்டுறது எல்லாம் இதுல வரும். சட்டம் இல்லாட்டியும் கூடாதுன்னுதான் சொல்லுவேன். யார் கையில குச்சி குடுத்தாலும் மேசை மேல வெச்சிட்டுப் போங்க, விவாதம் பண்ண வேண்டாம், உங்க கிளாஸ்ல நீங்க தொடாம இருந்தா போதும்.

எட்டாவது படிக்கிற பையன் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். நான் எப்படி அறிவியல் நடத்துறது?

இப்படி ஒண்ணு ரெண்டு பேர் இல்லாத கிளாஸ் அபூர்வம். கொரோனாவுல ஸ்கூல் மூடிக் கிடந்த காலத்துல எழுத்து பழக வேண்டிய வயசுல இருந்த பசங்கதான் மேல் வகுப்புக்கு வந்துக்கிட்டு இருக்காங்க. சின்ன வகுப்புக்கு எண்ணும் எழுத்தும்ங்கற திட்டத்தை 2022ல ஆரம்பிச்சாங்க, அதுல பசங்களை அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு சொல்லிக் குடுப்பாங்க. பக்கத்துல தொடக்கப் பள்ளி இருந்தா ஒரு நாள் போய் அந்தக் கிளாஸைப் பாருங்க, அந்தப் பயிற்சி நூலையும் பாத்துட்டு வாங்க, டி.எல்.எட். (தொடக்கப் பள்ளி ஆசிரியர் படிப்பு) படிக்கிறவங்களுக்கு இதுதான் தினசரி வேலை, பி.எட். படிக்கிறவங்களும் தெரிஞ்சுக்கணும்.

அந்தப் பையனுக்கு அறிவியல் வராதுன்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. வாசிக்க வராதவன் கேட்டுப் புரிஞ்சுக்குவான், கையால செய்வான், வாயால பதில் சொல்லுவான். பாடத்துல வர்ற முக்கியமான அஞ்சு வார்த்தையை மட்டும் அன்னைக்குப் பெரிசா எழுதி வாசிக்க வைங்க, படம் வரைஞ்சு பாகம் குறிக்க வைங்க. மதியம் சாப்பிட்டப்புறம் 15 நிமிஷம் அவனோட உக்காருங்க, எல்லார் முன்னாடியும் வேண்டாம், மரத்தடிலயோ லைப்ரரிலயோ. ரெகுலர் டீச்சருக்கு 5 கிளாஸ் நோட்டு, எமிஸ்ல (கல்வித்துறையோட ஆன்லைன் பதிவு) ஏத்துறது, ரிப்போர்ட்னு இருக்கும், அந்த 15 நிமிஷம் எங்களுக்குக் கிடைக்கவே மாட்டேங்குது, உங்களுக்குக் கிடைக்கும். 16 வாரம்ங்கறது சின்னக் காலம் இல்ல, எழுத்துக் கூட்டிப் படிச்சவன் ஒரு பத்தியை நிறுத்தாம வாசிக்கிற அளவுக்கு வந்ததை நான் பாத்திருக்கேன், அதை செஞ்சது ஒரு டிரெய்னிங் டீச்சர்தான்.

ரெக்கார்டுக்கு கேஸ் ஸ்டடி, அதாவது ஒரு பையனைப் பத்தி மட்டும் விரிவா எழுதணுமே, அதுக்கு இதையே எடுத்துக்கலாம். பையன் பேரை மட்டும் எழுதாதீங்க, வேற எழுத்து போடுங்க.

கைடு டீச்சர் எனக்கு கிளாஸே தர மாட்டேங்கிறாங்க. என் ஃப்ரெண்டுக்கு எல்லா கிளாஸையும் தலைல கட்டுறாங்க. எப்படிப் பேசுறது?

கிளாஸ் தராததுக்குப் பெரும்பாலும் காரணம் போர்ஷன் பயம். காலாண்டு செப்டம்பர்ல, அரையாண்டு டிசம்பர்ல, அதுக்குள்ள முடிக்கணும், பத்தாவதுன்னா பொதுத்தேர்வு வேற. நீங்க போய் "எனக்கு இத்தனை லெசன் எடுக்கணும் மேடம்"னு கேட்டா சுமையா தெரியும். "இந்த யூனிட்டை நான் எடுத்து டெஸ்ட்டும் வெச்சு பேப்பரும் திருத்தித் தர்றேன் மேடம், நீங்க ஒரு தடவை என் பிளானைப் பாத்துடுங்க"ன்னு கேட்டுப் பாருங்க. பத்தாவதைக் கேக்காதீங்க, ஏழாவது எட்டாவது ஒன்பதாவது கேளுங்க.

எல்லா கிளாஸும் கட்டுறது வேற பிரச்சனை. சப்ஸ்டிட்யூஷன் ஒண்ணு ரெண்டு வரும், சந்தோஷமா போங்க, அதுக்குன்னு எந்தக் கிளாஸுக்கும் பொருந்துற மாதிரி மூணு வேலை கையில வெச்சுக்கோங்க, ஒரு புதிர், சின்ன வாசிப்பு, ஒரு விவாதத் தலைப்பு. ஆனா நாள் முழுக்க சப்ஸ்டிட்யூஷன், டேட்டா என்ட்ரி, மார்க் லிஸ்ட் காப்பின்னு போச்சுன்னா அமைதியா ஹெச்.எம்.கிட்ட டைம் டேபிளைக் காட்டி "சார், என் சப்ஜெக்ட் கிளாஸ் இந்த வாரம் ரெண்டுதான் கிடைச்சுது"ன்னு சொல்லுங்க, அப்பவும் மாறலன்னா காலேஜ் சூப்பர்வைசர்கிட்ட சொல்லுங்க. புலம்பலா சொல்லாம கணக்கா சொன்னா கேப்பாங்க.

டி.எல்.எம்.முக்கு (பாடம் நடத்த உதவுற மாடல், சார்ட் மாதிரி பொருள்) எவ்வளவு செலவு பண்ணணும்?

முடிஞ்ச அளவுக்குக் கம்மியா. கடைல காசு குடுத்து செஞ்சு வாங்குற தெர்மாகோல் மாடல் வைவா அன்னைக்கு அழகா இருக்கும், பசங்க கை பட்டா உடையும்னு பீரோல பூட்டிடுவாங்க. ஒன்பதாவது அளவீடு பாடத்துக்கு வெர்னியர் ஸ்கேலை அட்டைல பெரிசா வெட்டி நகர்ற மாதிரி செய்ங்க, மெயின் ஸ்கேல்ல 9 பிரிவு வர்ற நீளத்துல வெர்னியர்ல 10 பிரிவு, மீச்சிற்றளவு 0.1 மில்லிமீட்டர்ங்கறது எங்கேருந்து வருதுன்னு கடைசி பெஞ்சு வரைக்கும் தெரியும். அதை அவங்களையே செய்ய வெச்சா இன்னும் நல்லது. எந்த சோதனையா இருந்தாலும் முந்தின நாளே வீட்ல ஒரு தடவை செஞ்சு பாத்துடுங்க.

டிரெஸ், சாப்பாடு, போன்?

காலேஜ் யூனிஃபார்ம் சொன்னா அது, இல்லன்னா நாள் முழுக்க நிக்க நடக்க வசதியான டீசன்ட் டிரெஸ். செருப்பு நல்லதா வாங்குங்க, கால் வலிதான் முதல் வாரத்து பெரிய எதிரி. தண்ணி பாட்டில் கட்டாயம், தொண்டை கட்டும். டிபன் பாக்ஸ் கொண்டு போயிடுங்க. பிரேயருக்கு 15 நிமிஷம் முன்னாடி ஸ்கூல்ல இருங்க.

போனை கிளாஸுக்குள்ள எடுக்காதீங்க. பசங்க போட்டோ ஸ்டேட்டஸ்ல, ரீல்ஸ்ல போடவே கூடாது, எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. ரெக்கார்டுக்கு போட்டோ வேணும்னா ஹெச்.எம்.கிட்ட கேட்டு, முகம் தெரியாத மாதிரி எடுங்க. பசங்களுக்கு உங்க நம்பர் குடுக்காதீங்க, இன்ஸ்டால ரிக்வெஸ்ட் வரும், எடுக்காதீங்க.

ஒரு குழந்தை வந்து வீட்லயோ வெளிலயோ யாரோ தப்பா நடந்துக்கறாங்கன்னு சொன்னா நான் என்ன செய்யணும்?

இதை எல்லாருமே படிச்சுட்டுப் போகணும், ஏன்னா ரெகுலர் டீச்சர்கிட்ட சொல்லாததை டிரெய்னிங் மிஸ்கிட்ட சொல்லுவாங்க, வயசு பக்கத்துல இருக்குன்னு. முழுசாக் கேளுங்க, துருவித் துருவி விசாரிக்காதீங்க, "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல"ன்னு சொல்லுங்க. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் மட்டும் பண்ணிடாதீங்க, உங்களால காப்பாத்த முடியாது. போக்சோ சட்டம் 2012படி பாலியல் குற்றம் பத்தித் தெரிய வந்தா புகார் குடுக்கறது கட்டாயம், மறைச்சா அதுவே குற்றம். அன்னைக்கே ஹெச்.எம்.கிட்ட சொல்லுங்க, குழந்தை சொன்ன வார்த்தையிலயே எழுதி வைங்க, உங்க காலேஜ் பொறுப்பாளருக்கும் சொல்லுங்க. 1098 குழந்தைகள் உதவி எண், 14417 கல்வித்துறை உதவி எண், ரெண்டையும் போன்ல சேவ் பண்ணிட்டே ஸ்கூலுக்குள்ள போங்க. சொன்ன இடத்துல நடவடிக்கை இல்லன்னா நீங்களே 1098க்குக் கூப்பிடலாம். ஸ்டாஃப் ரூம்ல இதைப் பேசவே கூடாது.

பையன் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியலன்னா?

"நல்ல கேள்வி, எனக்கு உறுதியாத் தெரியல, பாத்துட்டு நாளைக்கு சொல்றேன்"னு சொல்லுங்க, நாளைக்கு கட்டாயம் சொல்லுங்க. சொல்லாம விட்டீங்கன்னா அவன் அடுத்த கேள்வி கேக்க மாட்டான்.

ரெக்கார்டு மலை மாதிரி இருக்கே, எப்பதான் எழுதுறது?

லெசன் பிளான், அப்சர்வேஷன், டெஸ்ட், கேஸ் ஸ்டடி, ஆக்ஷன் ரிசர்ச், ஆல்பம்னு எல்லாம் சேந்து கடைசி பத்து நாள்ல வந்து நிக்கும், அப்ப கிளாஸை விட்டுட்டு ஸ்டாஃப் ரூம்ல வரிசையா உக்காந்து ஸ்கேல் வெச்சு மார்ஜின் போட்டுக்கிட்டு இருப்பாங்க, பாக்கவே வருத்தமா இருக்கும், பசங்க வாசல்ல வந்து "மிஸ் இன்னைக்கு வரலையா?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போவாங்க. மார்ஜின், அட்டை, முதல் பக்கம், ஸ்கூல் விவரம் எல்லாம் போறதுக்கு முன்னாடி லீவுல முடிச்சிடுங்க. தினமும் சாயங்காலம் அன்னைக்கு எடுத்த பாடத்தை அன்னைக்கே எழுதுங்க, மறுநாள் காலைலயே கைடு டீச்சர் கையெழுத்து வாங்கிடுங்க, எங்களுக்கும் ஒரே நாள்ல நாப்பது கையெழுத்து போடுறதை விட அது சுலபம், படிச்சுப் பாத்துப் போட முடியும்.

ஆக்ஷன் ரிசர்ச்சுக்குப் பெரிய தலைப்பு வேண்டாம். டெஸ்ட் பேப்பர் திருத்தும்போது எல்லாரும் ஒரே இடத்துல தப்பு பண்ணியிருப்பாங்க, அலகு எழுதாம விட்டிருப்பாங்க, அதை எடுத்துக்கோங்க. மூணு வாரம் ஒரு வழி செஞ்சு பாருங்க, முன்னாடி எத்தனை பேர், பின்னாடி எத்தனை பேர்னு எண்ணுங்க. நிஜ எண்ணை எழுதுங்க, குறையலன்னா குறையலன்னே எழுதுங்க.

இன்டர்ன்ஷிப் நேரத்துல டெட் எக்ஸாமுக்கும் (ஆசிரியர் தகுதித் தேர்வு) படிக்கலாமா?

தனியா உக்காந்து படிக்க நேரம் கிடைக்காது, ஆனா பாதி வேலை தானா நடக்கும். ரெண்டாம் தாள் 150 கேள்வி, அதுல 60 கணக்கு அறிவியலோ சமூக அறிவியலோ, அந்தப் பகுதிக்கு நீங்க எடுக்குற புக்கேதான் அடிப்படை, வரி விடாம படிச்சு நடத்தினா அது படிப்புத்தான். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30 கேள்வி, அதை வெறும் கைடு புக்ல மனப்பாடம் பண்றவங்களுக்கும் தினமும் 40 பசங்களைப் பாத்துட்டு வந்து படிக்கிறவங்களுக்கும் வித்தியாசம் இருக்கும். கிளாஸ் எடுத்துட்டு வந்து ராத்திரி அரை மணி நேரம், அதுக்கு மேல இந்த நாலு மாசத்துல இழுத்துப் போட்டுக்காதீங்க, மறுநாள் பாடத்துக்குத் தயாராகுறதுதான் முதல் வேலை.